மரச் செஸ் செட்டும் ஜூடித் போல்கரும்: ஆறு மாதம் கழித்து ஒரு விமர்சனம்

பார்சலைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் நம்புவதில்லை, அதனால் ஆறு மாதம் புழங்கிவிட்டு எழுதுகிறேன். கறுப்புக் காய்கள் ஷீஷம் மரம், வெள்ளை பாக்ஸ்வுட். ராஜா 9.5 செ.மீ. உயரம், பலகையில் ஒரு கட்டம் 5.5 செ.மீ., அதாவது போட்டிகளுக்கு ஃபிடே (உலகச் செஸ் சம்மேளனம்) சொல்லும் அளவுக்குள்தான் வருகிறது. காய்களுக்குள் எடை வைத்து அடியில் பச்சை ஃபெல்ட் ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு பக்கத்துக்கும் கூடுதலாக ஒரு ராணி. அமிர்தசரஸ் பட்டறையில் கடைந்தது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தேன். இதே மாதிரி செட் பத்துப் பேர் விற்கிறார்கள், அதனால் கடைப் பெயர் வேண்டாம், பொருளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன். உண்மையில் எனக்காக. பள்ளிக்கூடக் காலத்தில் நானும் கொஞ்சம் ஆடினவள், பெரிதாக ஒன்றும் இல்லை, மாவட்ட அளவில் நாலைந்து டோர்னமெண்ட். அதில் ஒன்றில் ஒன்பது ரவுண்டுக்கு நாலு புள்ளி எடுத்தேன், அதாவது பாதிகூட இல்லை, ஆனாலும் மேடைக்குக் கூப்பிட்டு 'சிறந்த பெண் வீராங்கனை' என்று ஒரு கப் கொடுத்தார்கள். எனக்கு மேலே ஐந்தரை, ஆறு எடுத்த பையன்கள் எல்லாம் வெறுங்கையோடு நின்று கைதட்டினார்கள். அப்பா அந்தக் கப்பை டிவி மேல் வைத்தார், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். எனக்கு அதைப் பார்க்கும்போது சந்தோஷமா வெட்கமா என்று கடைசி வரை பிடிபடவே இல்லை. ப்ளஸ் ஒன் வந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டேன்.

ரொம்ப வருஷம் கழித்து செஸ் கிராண்ட்மாஸ்டர் ஜூடித் போல்கரைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கப் ஞாபகத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட கப்பையே வாங்க மாட்டேன் என்று சொன்ன ஒரு குடும்பம் ஹங்கேரியில் இருந்திருக்கிறது! ஜூடித்தின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக, போனில் விரலால் தள்ளாமல், கையால் காய் வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தச் செட்.

குடும்பக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புடாபெஸ்டில் லாஸ்லோ, கிளாரா என்று ஒரு தம்பதி. மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்பது லாஸ்லோவின் கொள்கை. மூன்று பெண் குழந்தைகள், சூசன், சோஃபியா, ஜூடித். மூவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் செஸ் கற்றுக்கொடுத்தார்கள், கம்யூனிச ஆட்சியில் அதற்கு அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கிறது. ஜூடித் கடைக்குட்டி, 1976 ஜூலையில் பிறந்தவர். பெற்றோர் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்தது சரியா என்று என்னிடம் கேட்டால் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு, ஆனால் அந்த விவாதத்தை இங்கே இழுத்தால் செட் விமர்சனம் நாளைக்குத்தான் முடியும்.

பெண்களுக்கான போட்டிகளில் ஆடுவதில்லை என்ற முடிவை முதலில் எடுத்து அடி வாங்கியது அக்கா சூசன். 1987 ஜனவரி ரேட்டிங் பட்டியலில் (ஆட்டத் திறமைக்குப் போடும் புள்ளிக்கணக்கு அது) ஃபிடே ஒரு காரியம் செய்தது. உலகத்தில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி சும்மா கூட்டிக் கொடுத்தது, சூசனுக்கு மட்டும் கிடையாது. பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்கள் ரேட்டிங் குறைவாகக் காட்டுகிறது, சூசன் ஆண்களோடு ஆடுவதால் அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று காரணம். முதலிடத்தில் இருந்த பெண் ஒரே ராத்திரியில் இறங்கிப்போனார். என் கப்புக்கு இது நேர் தலைகீழ். அங்கே பெண் என்பதற்காகக் கொடுத்தார்கள், இங்கே பெண்களோடு ஆடாததற்காகக் கொடுக்கவில்லை.

சரி, செட்டுக்கு வருகிறேன்.

காய்களின் எடைதான் இதன் பெரிய பலம். முன்பு இருந்த பிளாஸ்டிக் செட்டில் ஃபேன் வேகம் நாலில் வைத்தால் சிப்பாய் உருளும். இது அப்படியில்லை, யானையைத் தூக்கினால் கைக்குத் தூக்கின மாதிரி இருக்கும், வைத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எதற்கு என்று தோன்றும், நானும் விளம்பரத்தில் படித்தபோது சிரித்தேன். ஆனால் அது என் ஆட்டம் பார்க்கும் வேகத்தையே குறைத்துவிட்டது. போனில் ஒரு முழு ஆட்டத்தை ஒன்றரை நிமிடத்தில் தட்டி முடித்துவிடுவேன், பக்கத்தில் கம்ப்யூட்டர் யார் முன்னணி என்று எண் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் நல்ல மூவ், கெட்ட மூவ் என்று முடிவு செய்வேன். பலகையில் அந்த எண் இல்லை. ஒரு மூவ் ஏன் என்று புரியாவிட்டால் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

முதலில் ஆடிப் பார்த்தது 1994-இல் பியூனஸ் அயர்ஸில் ஷிரோவுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய ஆட்டம். அது எல்லா ஆட்டமும் சிசிலியன் என்ற தொடக்க முறையில்தான் தொடங்க வேண்டும் என்ற விசேஷ டோர்னமெண்ட். ஷிரோவ் சும்மா ஆளில்லை, பலகையில் தீ வைப்பதற்கென்றே பிறந்தவர். பத்தாவது மூவில் ஜூடித் ஜி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அவர் தீயிலேயே எண்ணெய் ஊற்றுகிறார். பதினாலாவது மூவில் குதிரையைக் கொண்டுபோய் எஃப்5 கட்டத்தில் வைக்கிறார், வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில். நான் கையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு, அச்சுப் பிழையோ என்று மறுபடி தாளைப் பார்த்தேன். இல்லை. அந்தச் சிப்பாய் நகர்ந்தால் பி7 கட்டத்திலிருந்து குறுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிஷப் வெள்ளை ராணியை எடுத்துவிடும். பலகையில் அந்தக் குறுக்குக் கோடு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் நம்பினேன்.

அடுத்தது 1999, ஸ்பெயினில் டோஸ் எர்மானாஸ், எதிரில் நம்ம ஆனந்த். இதை ஆடிப் பார்க்கும்போது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டாவது மூவிலேயே குதிரையைச் சிப்பாய் வெட்டட்டும் என்று விடுகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குதிரையும் போகிறது. போனில் வெட்டப்பட்ட காய் சின்னப் படமாக ஓரத்தில் ஒதுங்கிவிடும், நாம் கவனிக்கவே மாட்டோம். இங்கே இரண்டு வெள்ளைக் குதிரைகளும் பலகைக்கு வெளியே மேஜை மேல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு கொடுக்கத் துணிந்து ஒரு மனுஷி எப்படி நிதானமாக நீளக் காஸ்லிங் செய்து ராஜாவை ஓரம் கட்டுகிறார் என்று! அப்புறம் இருபதாவது மூவில் ஒரு யானை டி6-இல் போய் உட்காருகிறது, எதிரியின் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே. 34-வது மூவில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமே ஃபிடே உலக சாம்பியன் ஆனவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி ஆட்டங்களால் ஜூடித் என்றாலே அதிரடி என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2002 மாஸ்கோ ஆட்டம்தான் அதை மாற்றியது, அதற்கு முன் 1994-ஐச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பெயினின் லினாரஸ், 1994. ஜூடித்துக்கு 17 வயது, எதிரில் காஸ்பரோவ். காஸ்பரோவ் ஒரு குதிரையைச் சி5-இல் வைத்தார், விரல் காயை விட்டது, உடனே அங்கே பிரச்சினை இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கை விலகியது கால் நொடிதான், ஆனால் வீடியோவில் பதிவாகியிருந்தது. நடுவரைக் கூப்பிடவில்லை ஜூடித். ஆட்டமும் தோல்வி. இந்தச் செட்டில் அந்த நிலையை வைத்து, குதிரையை வைத்து எடுத்துப் பார்த்தேன், மகளும் பார்த்தாள். எடையுள்ள காயை 'டொக்' என்று வைத்துவிட்டு விரல் எடுத்தால் அது உங்களுக்கே தெரியும், கைக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கால் நொடி கால் நொடிதான். என் மகள் கேட்டது வேறு: "அம்மா, அவங்க ஏன் கையத் தூக்கி நடுவரக் கூப்பிடல? நாங்க கூப்பிடுவோமே." பதினேழு வயசுப் பெண், அவ்வளவு பெரிய டோர்னமெண்ட், எதிரில் உலகின் நம்பர் ஒன். எனக்கு அவள் கேள்விக்குப் பதில் தெரிந்தது, சொல்லத்தான் பிடிக்கவில்லை.

அப்புறம் 2002 செப்டம்பர், மாஸ்கோ, ரஷ்யாவுக்கும் உலக அணிக்கும் நடந்த ரேபிட் (குறைந்த நேர) போட்டி. மறுபடி காஸ்பரோவ், இப்போதும் ரேட்டிங்கில் நம்பர் ஒன். பெண்களுக்குச் செஸ் ஒத்துவராது என்ற தொனியில் முன்பு பேசியவரும் அவரேதான் (பிற்பாடு மாற்றிக்கொண்டார், போல்கர் சகோதரிகள் அந்த எண்ணம் தப்பு என்று காட்டிவிட்டார்கள் என்று எழுதியும் இருக்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை). அவர் எடுத்தது பெர்லின் தற்காப்பு, 2000-இல் கிராம்னிக் இவரையே பூட்டிப் போட்டுப் பட்டத்தைப் பறித்தாரே, அதே பூட்டு. எட்டாவது மூவில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விட்டன. அதிரடிக்கு வேலையே இல்லை. போனில் பார்த்தபோது எனக்குச் சுத்தமாக போரடித்த ஆட்டம் இது, பாதியில் மூடியிருக்கிறேன்.

பலகையில் இரண்டு சாயங்காலம் எடுத்தது. அவசரமே இல்லை அந்த ஆட்டத்தில். ஜூடித் ராஜாவையே ஒவ்வொரு கட்டமாக முன்னால் நடத்திக் கூட்டிவருகிறார். ஒரு சிப்பாய், அப்புறம் இன்னொரு சிப்பாய். கடைசியில் இரண்டு யானைகளும் ஏழாவது வரிசையில் போய் நிற்கின்றன, அந்த வரிசையில் இரண்டு யானை நின்றால் என்ன ஆகும் என்று செஸ் ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 42-வது மூவோடு முடிந்தது. இவ்வளவு பொறுமையாக, அடுப்பில் சிம்மில் வைத்துப் பாயசம் காய்ச்சுகிற மாதிரி ஒருத்தர் காஸ்பரோவை ஜெயித்தார் என்பது, காய்களைக் கையில் எடுத்து எடுத்து வைக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு மட்டுமே இந்தச் செட்டுக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது.

இப்போது குறைகள். பிஷப் ஒன்றின் ஃபெல்ட் இரண்டாம் மாதமே உரிந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், ஒரு வாரம் கழித்து 'மன்னிக்கவும் மேடம்' என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. நானே ஃபெவிக்கால் வைத்து ஒட்டிவிட்டேன். பலகையின் கறுப்புக் கட்டமும் ஷீஷம் காயும் ஏறக்குறைய ஒரே பழுப்பு, பகலில் அழகாக இருக்கிறது, ராத்திரி மஞ்சள் விளக்கில் சிப்பாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் கிடையாது, அது இல்லாததுதான் ஸ்டைல் என்கிறார்கள், தாளைப் பார்த்து ஆட்டம் ஓட்டுகிறவர்களுக்கு அது தொல்லை, நான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஒரு மூலை லேசாக எழும்பியது, வெயில் வந்ததும் படிந்துவிட்டது. குதிரைகள் கையால் செதுக்கியவை என்பதால் நாலுக்கும் நாலு முகம், மூன்று கம்பீரமான குதிரை, ஒன்று மட்டும் சத்தியமாக ஆட்டுக்கிடா.

ஒருநாள் மகள் கேட்டாள்.

"அம்மா, இவங்க எத்தனை தடவை லேடீஸ் வேர்ல்ட் சாம்பியன்?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்போ பெரிய ஆள் இல்லையா?"

நல்ல கேள்விதான். பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் அவர் கலந்துகொண்டதே இல்லை. 12 வயதில், 1989 ஜனவரி பட்டியலில், 2555 ரேட்டிங்கோடு பெண்களில் முதலிடம், ஆண் பெண் எல்லாரும் சேர்ந்த பட்டியலில் 55-வது. அன்று பிடித்த அந்த முதலிடத்தை 2014-இல் ஓய்வு பெறும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை, கால் நூற்றாண்டு. நாடுகள் அணியாக மோதும் ஒலிம்பியாடின் பெண்கள் பிரிவில் இரண்டே தடவை ஆடினார், 1988-இல் கிரீஸின் தெசலோனிகியில் மூன்று சகோதரிகளும் இல்டிகோ மாட்லும் சேர்ந்து சோவியத் அணியை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார்கள், அதில் இந்தப் பொடிப் பெண் 13 ஆட்டத்தில் 12.5 புள்ளி. 1990-இலும் தங்கம். அதற்குப் பிறகு ஹங்கேரியின் பொது அணியில்தான். 1991 டிசம்பரில் ஹங்கேரி தேசிய சாம்பியன்ஷிப்பை, பெண்களுக்கானதை அல்ல, எல்லாருக்குமானதை ஜெயித்து கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 15 ஆண்டு 4 மாதம், மிக இளவயது கிராண்ட்மாஸ்டர் என்ற பாபி ஃபிஷரின் சாதனை ஒரு மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வித்தியாசத்தில் உடைந்தது. 2003-இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ டோர்னமெண்டில் ஒரு ஆட்டமும் தோற்காமல் ஆனந்துக்கு அரைப் புள்ளி பின்னால் இரண்டாமிடம்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் பட்டது வேறொன்று. மகன் பிறந்தது 2004-இல். அடுத்த ஜூலைப் பட்டியலில் 2735, உலகில் எட்டாமிடம், அவர் வாழ்க்கையிலேயே உச்ச ரேட்டிங் அதுதான். பிரசவம் முடிந்து ஒரு வருஷத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன், தூக்கம் தவிர வேறு எந்த ஆசையும் இருந்ததாக ஞாபகமில்லை.

தோல்வியும் இருக்கிறது. 2005 கடைசியில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் எட்டுப் பேர் ஆடிய உலக சாம்பியன்ஷிப், டோபலோவ் ஜெயித்தார், ஜூடித் 14 ஆட்டத்தில் 4.5 எடுத்துக் கடைசி. அந்த ஆட்டங்களையும் இரண்டு மூன்று ஓட்டிப் பார்த்தேன், பார்க்கவே முடியவில்லை. ஆனால் அந்த மேஜைக்கு வேறு எந்தப் பெண்ணும் அதுவரை வந்ததில்லை, இன்றுவரையும் வரவில்லை. அங்கே கடைசி இடத்துக்கு யாரும் கப் கொடுக்க மாட்டார்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார்.

இதைப் படித்துவிட்டுப் பெண்கள் போட்டியே வேண்டாம் என்கிறாளா என்று சண்டைக்கு வராதீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் போட்டிகளின் பரிசுப் பணத்தில்தான் பலருக்கு அடுத்த ஊருக்கு டிக்கெட். நம்ம வைஷாலி 2023-இல் ஜெயித்ததும் பெண்களுக்கான கிராண்ட் சுவிஸ்தான், அதே வருஷக் கடைசியில் முழு கிராண்ட்மாஸ்டரும் ஆனார். 2002-இல் ஜூடித்தின் அந்த 15 வயது சாதனையைப் பெண்களில் முதலில் உடைத்தவர் ஹம்பி, அவரும் பெண்கள் போட்டி, பொதுப் போட்டி இரண்டிலும் ஆடியவர். என் கோபம் போட்டி மேல் இல்லை, நாலு புள்ளிக்குக் கொடுத்த கப் மேல். அதை வாங்கின பிறகு ஐந்து புள்ளி எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவே இல்லை, அதுதான்.

2012 ஜிப்ரால்டரில் சீனாவின் ஹோ யிஃபானிடம் ஜூடித் தோற்றார், இருபது வருடத்துக்கும் மேலாகக் கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் ஒரு பெண்ணிடம் அவர் தோற்றதே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 2014-இல் நார்வேயின் டிராம்சோ ஒலிம்பியாடில் ஹங்கேரிக்கு வெள்ளி, அதோடு ஓய்வு. இப்போது புடாபெஸ்டில் குழந்தைகளுக்குச் செஸ் வழியாகப் பாடம் சொல்லித்தரும் திட்டம், திருவிழா என்று ஓடிக்கொண்டிருக்கிறார். 2024-இல் அவர் ஊரான அதே புடாபெஸ்டில்தான் இந்தியாவின் பொது அணி, பெண்கள் அணி இரண்டும் ஒலிம்பியாட் தங்கம் வாங்கின.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: கோச்சிங் போகிற குழந்தை தினமும் பையில் தூக்கிப்போக வேண்டும் என்றால் இது வேண்டாம், சுருட்டி வைக்கிற ரெக்ஸின் பலகையும் பிளாஸ்டிக் காயும் போதும், விலையும் பத்தில் ஒரு பங்குதான். வீட்டில் ஒரு மேஜையில் நிரந்தரமாக விரித்து வைக்க இடம் இருந்தால் வாங்கலாம். காய்களின் எடை எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள், படத்தில் எல்லாச் செட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கட்டத்தின் அளவு 5.5-க்குக் கீழே போனால் 9.5 ராஜா நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார். கூடுதல் ராணி இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் சிப்பாய் கடைசிக் கட்டம் போய்ச் சேர்ந்ததும் யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும், என் மகளுக்கு அது பரம எரிச்சல்.

நான் நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது ஃபெல்ட்டுக்காக. ஆட்டுக்கிடாவுக்காகக் குறைக்கவில்லை, அதை வைத்துத்தான் ஷிரோவ் ஆட்டத்தின் பதினாலாவது மூவை ஆடினேன்.